எண்ணப்படாத ஒரு நிமிடம்: குழந்தை மருத்துவத்தில் செவிலியரின் முடிவும் தீண்டாமையும்

1929ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் காந்தியாரின் 'யங் இந்தியா' இதழில் ஒரு கடிதம் வெளியாயிற்று. எழுதியவர் கத்தியவார் பகுதியில் தீண்டப்படாத மக்களின் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அண்ணல் அம்பேத்கர், 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று தமிழில் அறியப்படும் தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் இக்கடிதத்தை எடுத்துக்காட்டுகிறார். குழந்தை பெற்ற இரண்டாம் நாள் ஆசிரியரின் மனைவி நோயுற்றார். வயிற்றுப்போக்கு கண்டது, பேச்சு நின்றது, மூச்சுவிடுவது கடினமாயிற்று, விலாவில் வலி எடுத்தது. மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர் இரண்டு ரூபாய்க் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பின்னரே, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவர வேண்டும் என்னும் நிபந்தனையோடு வந்தார். பச்சிளங்குழந்தையுடன் அந்தப் பெண் வெளியே கொண்டுவரப்பட்டார். மருத்துவர் வெப்பமானியை ஓர் இசுலாமியரிடம் கொடுத்தார். அவர் அதைக் கணவரிடமும், கணவர் மனைவியிடமும் கொடுத்தனர். வந்த வழியிலேயே அது திரும்பிச் சென்றது. விளக்கொளியில் அதைப் பார்த்த மருத்துவர் நிமோனியா என்று கூறிச் சென்றார். மருந்து வந்தது. மறுமுறை வந்து பார்க்க அவர் இசையவில்லை. அந்தப் பெண் இறந்துபோனார்.

இக்கடிதத்தைக் கொடுமையின் சாட்சியமாக நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அதனை ஒரு மருத்துவக் குறிப்பாகவும் வாசிக்க இயலும். அம்மருத்துவர் முடிவெடுத்தபோது அவரிடம் என்ன தகவல் இருந்தது? பாதரசம் காட்டிய ஓர் எண்ணும், தொலைவிலிருந்து கண்ட தோற்றமும் மட்டுமே இருந்தன. நிமோனியா என்ற பெயர் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் நோயின் பெயரைச் சொல்வது முடிவெடுத்தல் ஆகிவிடாது. நோய் எவ்வளவு கடுமையானது, வீட்டில் வைத்துப் பார்க்கலாமா, உடனே கொண்டுசெல்ல வேண்டுமா, நாளை மறுபடி பார்க்க வேண்டுமா என்னும் வினாக்களுக்கு விடை காண மார்பைப் பார்த்தாக வேண்டும், மூச்சை எண்ணியாக வேண்டும், கையைத் தொட்டாக வேண்டும். தீண்டாமை அந்த மருத்துவரின் இரக்கத்தை மட்டும் தடுக்கவில்லை. அவருடைய அறிவுக்கு வரவேண்டிய தகவலையே அது தடுத்தது.

இன்று நம் கிராமங்களில் நோயுற்ற குழந்தையை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், செவிலியரே. சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒன்று என்ற கணக்கில் துணை சுகாதார நிலையம் இருக்க வேண்டும் என்பது அரசு நெறி. அங்கே இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். மக்கள் 'நர்சம்மா' என்று அழைப்பது அவரைத்தான். ஊசி போடுபவர், கணக்கு எழுதுபவர் என்ற அளவிலேயே அவரைப் பற்றிய பொதுக்கருத்து நின்றுவிடுகிறது. உண்மையில் அவர் நாள்தோறும் மருத்துவ முடிவுகளை எடுக்கிறார். அம்முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதைக் களச் செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் அறிந்திருப்பது இன்றியமையாதது. சாதி நுழையும் இடைவெளி எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

மூன்று நிறங்கள்

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1990களின் நடுப்பகுதியில் உருவாக்கிய ஒரு நெறிமுறை உண்டு. ஆய்வகமோ எக்ஸ்ரேயோ இல்லாத இடத்தில், கண், காது, கை, கடிகாரம் ஆகியவற்றைக் கொண்டே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் நோயை வகைப்படுத்தும் முறை அது. இந்தியா அதில் பச்சிளங்குழந்தைகளுக்கான பகுதியை விரிவுபடுத்தி ஏற்றுக்கொண்டது. ஐ.எம்.என்.சி.ஐ. என்று பயிற்சிகளில் வழங்கப்படுவது இதுவே.

இந்நெறிமுறையில் செவிலியர் நோயின் துல்லியமான பெயரைத் தேடுவதில்லை. குழந்தையை மூன்று நிறங்களுள் ஒன்றில் வைக்கிறார். இளஞ்சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மஞ்சள் என்றால் அங்கேயே மருந்து கொடுத்துக் குறித்த நாளில் மீண்டும் பார்க்க வேண்டும். பச்சை என்றால் வீட்டுப் பராமரிப்பு போதும். முதலில் பொதுவான அபாய அறிகுறிகள் பார்க்கப்படுகின்றன. குழந்தையால் பால் குடிக்கவோ நீர் பருகவோ முடியவில்லையா, உண்டதையெல்லாம் வாந்தி எடுக்கிறதா, வலிப்பு வந்ததா, மயங்கிச் சோர்ந்து கிடக்கிறதா என்று ஆராயப்படுகிறது. இவற்றுள் ஒன்று இருந்தாலும் இளஞ்சிவப்புதான். பின்னர் இருமல், வயிற்றுப்போக்கு, காய்ச்சல், காது, ஊட்டம், இரத்தசோகை, தடுப்பூசி என வரிசையாகச் செல்ல வேண்டும். தாய் இருமலுக்காக வந்தாலும் உள்ளங்கையைப் பார்த்தாக வேண்டும். வயிற்றுப்போக்குக்காக வந்தாலும் கையின் சுற்றளவை அளந்தாக வேண்டும். எதையும் தாண்டிச் செல்லக்கூடாது என்பதே இம்முறையின் உயிர்.

இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு அளவுகோல் வேறு. அந்த வயதில் நோய் சத்தமின்றி வரும். பால் குடிப்பது குறைதல், தூண்டினால் மட்டும் அசைதல், உடல் வெப்பம் 37.5 பாகை செல்சியசை எட்டுதல் அல்லது 35.5க்குக் கீழே இறங்குதல் ஆகியவற்றுள் ஒன்றே கடும் தொற்றின் அடையாளமாகக் கொள்ளப்படும். இத்தகைய சிசுவை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவே இயலாத சூழலில், துணை செவிலியரே ஜென்டாமைசின் ஊசி போடலாம் என்று 2014இல் ஒன்றிய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. முன்பு மருத்துவருக்கு மட்டுமே உரியதாக இருந்த அதிகாரம் அது. முடிவெடுக்கும் பொறுப்பு எவ்வளவு தொலைவு கீழே இறங்கி வந்திருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

அறுபது நொடிகள்

நிமோனியாவைக் கண்டறிய நெறிமுறை கேட்பது இரண்டே செயல்கள். ஒன்று, மூச்சை எண்ணுதல். மற்றொன்று, குழந்தை மூச்சை உள்ளிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குகிறதா என்று பார்த்தல். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதற்கு வயதுவாரியான எல்லைகள் உண்டு. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, இரண்டு மாதம் முதல் ஓராண்டு நிறையும்வரை 50, ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது விரைவு மூச்சு. 46 மூச்சு விடும் பதினொரு மாதக் குழந்தையின் மூச்சு வேகம் இயல்பு. அதே 46 மூச்சு விடும் பதின்மூன்று மாதக் குழந்தைக்கு நிமோனியா சிகிச்சை தொடங்க வேண்டும். ஆகவே வயதைச் சரியாகக் கேட்பதும் மருத்துவச் செயலே.

இந்த எண்கள் எங்கோ தொலைநாட்டு நூலகத்தில் பிறந்தவை என்று எண்ண வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்தில் பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் ஃபிராங்க் ஷான் முதலானோர் செய்த பணி இதற்கு வழிவகுத்தது. 1988இல் 'லான்செட்' இதழில் வெளியான ஓர் ஆய்வு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் செய்யப்பட்டது. கைக்குழந்தைகளுக்கு 50க்கு மேலும், ஓராண்டு கடந்த குழந்தைகளுக்கு 40க்கு மேலும் மூச்சு எண்ணிக்கை இருப்பது நுரையீரல் தொற்றைக் காட்டிக்கொடுக்கும் எளிய அடையாளம் என்று அது எடுத்துக்காட்டியது. உலகெங்கும் செவிலியர் கையிலிருக்கும் அட்டையில் நம் வட்டாரத்துக் குழந்தைகளின் மூச்சும் கலந்திருக்கிறது.

எண்ணுவது எளிது என்று தோன்றும். செய்து பார்த்தவர்களுக்கே அதன் கடினம் தெரியும். குழந்தை அழக்கூடாது, பால் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. தாயின் மடியில் அமைதியாக இருக்க வேண்டும். சட்டையைத் தூக்கி மார்பும் வயிறும் தெரியும்படி செய்ய வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து முழு 60 நொடி எண்ண வேண்டும். குழந்தை இடையில் அழுதால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவசரத்தில் 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. குழந்தையின் மூச்சு சீரானதன்று. ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். பத்து எண்ணியிருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது எண்ணினால் 40 என்பது 36 ஆகிவிடும். பதின்மூன்று மாதக் குழந்தை மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போய்விடும். இருமல் மருந்தோடு வீடு திரும்பும்.

இந்த ஒரு நிமிடம் என்பது என்ன? அக்குழந்தையின் திறந்த மார்பை அருகிலிருந்து உற்றுநோக்கும் ஒரு நிமிடம். தாயின் மடியோடு செவிலியரின் முழங்கால் உரசும் நெருக்கத்தில் கழியும் ஒரு நிமிடம். வாசலுக்கு வெளியே நிற்கவைத்து, 'என்ன, சளியா?' என்று கேட்டு, மாத்திரையைத் தாளில் வைத்து நீட்டும் இடத்தில் அந்த நிமிடத்துக்கு வழியில்லை. அங்கே யாரும் சாதிப்பெயரைச் சொல்லித் திட்டியிருக்க வேண்டியதில்லை. ஒரு நிமிடம் மட்டும் காணாமற்போயிருக்கும்.

உள்ளங்கையோடு உள்ளங்கை

நெறிமுறையில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்கவைத்த வரி இரத்தசோகை பற்றியது. குழந்தையின் கையைப் பக்கவாட்டில் மென்மையாகப் பற்றி, உள்ளங்கையை விரித்துப் பார்க்க வேண்டும். விரல்களைப் பின்னோக்கி வளைக்கக் கூடாது. வளைத்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, இல்லாத வெளிறல் தோன்றும். பிறகு, அக்குழந்தையின் உள்ளங்கை நிறத்தைச் செவிலியர் தம் உள்ளங்கையோடும் பிற குழந்தைகளின் உள்ளங்கைகளோடும் ஒப்பிட வேண்டும்.

உள்ளங்கையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே தோலின் நிறமி குறைவு. முகமும் உடலும் எந்த நிறத்தில் இருந்தாலும் உள்ளங்கையில் இரத்தத்தின் சிவப்பு ஓரளவு தெரியும். சற்றே வெளிறியிருந்தால் இரத்தசோகை, காகிதம்போல் வெளுத்திருந்தால் கடும் இரத்தசோகை. பின்னதற்கு உடனே மருத்துவமனை. மெல்லிய இரத்தசோகையை இம்முறை தவறவிடும் என்பது உண்மையே. ஆயினும் உயிருக்கு ஆபத்தான நிலையைச் செலவின்றிக் கண்டுகொள்ள வேறு எளிய வழியில்லை. 2019-21 காலத்திய ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 6 முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் இந்நிலையில் உள்ளனர்.

செவிலியர் தம் உள்ளங்கையைச் சேரிக்குழந்தையின் உள்ளங்கைக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஓர் அரசுப் பயிற்சி அட்டை கட்டளையிடுகிறது. அதை எழுதியோர் சாதியை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். இருப்பினும் நம் மண்ணில் அக்கட்டளை எவ்வளவு கனமானது என்பதை நாம் அறிவோம்.

வயிற்றுப்போக்கும் நான்கு மணி நேரமும்

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையிடம் எத்தனை முறை போயிற்று என்பதைவிட உடலில் எவ்வளவு நீர் குறைந்திருக்கிறது என்பதே முக்கியம். கண் குழிந்திருக்கிறதா, நீர் கொடுத்தால் தாகத்தோடு பிடுங்கிக் குடிக்கிறதா, குடிக்கவே இயலவில்லையா, எரிச்சலோடு இருக்கிறதா, சோர்ந்து கிடக்கிறதா என்பவை பார்க்கப்படும். தொப்புளுக்கும் இடுப்பின் பக்கவாட்டுக்கும் நடுவே வயிற்றுத் தோலைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மெல்லக் கிள்ளித் தூக்கிவிட வேண்டும். மடிப்பு மறைய இரண்டு நொடிக்கு மேலானால் கடும் நீரிழப்பின் அடையாளம். மிகவும் மெலிந்த குழந்தைக்கு நீரிழப்பு இல்லாமலே தோல் மெதுவாகத் திரும்பக்கூடும். எனவே ஒரே அறிகுறியை நம்பாமல் குறைந்தது இரண்டு அறிகுறிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெலிவை அளக்க மேற்கையின் நடுப்பகுதியில் நாடா சுற்ற வேண்டும். 115 மில்லிமீட்டருக்குக் கீழிருந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. இரு பாதங்களையும் கட்டைவிரலால் அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இங்கே ஒவ்வொரு படியும் தொடுதல்தான்.

ஓரளவு நீரிழப்பு என்று முடிவானால் அடுத்து வருவதுதான் கவனிக்கத்தக்கது. குழந்தையை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. நிலையத்திலேயே நான்கு மணி நேரம் வைத்து, எடைக்கேற்ப ஓ.ஆர்.எஸ். கரைசலைத் தாயைக் கொண்டே சிறிது சிறிதாக ஊட்டவைக்க வேண்டும். எட்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஏறத்தாழ 600 மில்லிலிட்டர். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் நிறுத்தி, பிறகு இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். நான்கு மணி நேரம் கழித்து மறுபடி எல்லா அறிகுறிகளையும் பார்த்து, வீடா மருத்துவமனையா என்று முடிவு செய்ய வேண்டும். பின்னர் 14 நாளுக்கு ஜிங்க் மாத்திரை.

நான்கு மணி நேரம் அந்தத் தாய் எங்கே உட்காருவார்? எந்தக் குவளையில் கரைசல் கலக்கப்படும்? எந்தக் குடத்திலிருந்து தண்ணீர் எடுக்கப்படும்? நூறுநாள் வேலைக்கோ களையெடுப்புக்கோ போகாத அன்றைய கூலியை யார் தருவார்? இரட்டைக் குவளையின் வரலாறு அறிந்த சமூகத்துக்கு இவ்வினாக்களை விளக்க வேண்டியதில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கையில் கொடுத்து 'வீட்டில் கலக்கிக் கொடு' என்று அனுப்பிவிடும்போது, பதிவேட்டில் ஓ.ஆர்.எஸ். வழங்கப்பட்டது என்றே எழுதப்படும். நான்கு மணி நேரக் கண்காணிப்பு நடக்கவில்லை என்பது எந்தக் கட்டத்திலும் பதிவாகாது.

கேட்பதும் நம்புவதும்

தொடுதலுக்கு முன்னே கேட்டல் இருக்கிறது. வலிப்பு வந்ததா, எத்தனை நாளாக இருமல், மலத்தில் இரத்தம் உண்டா, நேற்றைவிட இன்று பால் குறைவாகக் குடிக்கிறதா என்பவற்றைத் தாய் மட்டுமே அறிவார். நெறிமுறை இதற்கும் வழி சொல்கிறது. 'புரிந்ததா?' என்று கேட்கக் கூடாது. அவ்வினாவுக்கு அஞ்சியவர் எவரும் 'புரிந்தது' என்றே சொல்வார். 'மருந்தை எவ்வளவு கொடுப்பீர்கள், செய்து காட்டுங்கள்' என்று கேட்க வேண்டும். எப்போது உடனே திரும்பி வர வேண்டும் என்பதைத் தாயின் வாயால் சொல்லவைக்க வேண்டும்.

'ஏன் இவ்வளவு அழுக்கா வெச்சிருக்க?' என்னும் ஒரே சொற்றொடர் இந்த உரையாடலை முறித்துவிடும். அவமதிக்கப்பட்ட தாய் சுருக்கமாகப் பதில் சொல்வார். வலிப்பு வந்ததை மறைக்கவும் கூடும். அடுத்த முறை நோய் முற்றும்வரை வரமாட்டார். பின்பு அதையே 'இவர்கள் கடைசி நேரத்தில்தான் வருவார்கள்' என்று எழுதிவைப்பார்கள். காரணம் விளைவாகவும் விளைவு காரணமாகவும் மாற்றி எழுதப்படும் இந்தத் தந்திரம் நமக்குப் பழையது.

இவையெல்லாம் வெறும் ஊகம் என்று கூறுவோருக்கு ஆய்வுகள் உண்டு. கன்ஷ்யாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் முதலானோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்திய ஆய்வு 2006இல் நூலாக வந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் செல்ல மறுத்தனர் என்று அது பதிவு செய்தது. சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், இராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடையே செய்த ஆய்வு 2010இல் வெளியாயிற்று. மருந்து தரும்போது, பரிசோதனை செய்யும்போது, பேசும் முறையில், செலவிடும் நேரத்தில், தொடுவதைத் தவிர்ப்பதில் என்று பாகுபாட்டின் இடங்களைப் பிரித்துப் பார்த்ததே அதன் சிறப்பு. அவர் பட்டியலிட்ட நேரம், தொடுதல், பேச்சு ஆகிய மூன்றும் நாம் மேலே கண்ட நெறிமுறையின் மூன்று கருவிகளே. சாதி பறிப்பவை எவையோ அவையே மருத்துவ முடிவுக்கு வேண்டிய மூலப்பொருள்கள்.

கருவி காப்பாற்றுமா?

தொடாமலே அளக்கும் கருவிகள் வந்துவிட்டனவே, இனிச் செவிலியரின் மனச்சாய்வு ஒரு பொருட்டா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் மிகவும் பயனுள்ள கருவி. ஒவ்வொரு துணை நிலையத்திலும் குழந்தைக்கேற்ற அளவில் அது இருக்க வேண்டும். ஆனால் அதுவும் நிறத்தைக் கண்டு தடுமாறும். 2020 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் மிச்சிகன் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இது: கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டிய வேளையில், இரத்தத்தில் உண்மையான ஆக்சிஜன் செறிவு 88க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 விழுக்காட்டினருக்கு, வெள்ளையர்களில் 3.6 விழுக்காட்டினருக்கு. அந்த ஆய்வு அமெரிக்காவில் வயதுவந்தோரிடையே நடந்தது; அதன் எண்களை நம் குழந்தைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. தோலின் கருமைக்கேற்பக் கருவி ஏமாறக்கூடும் என்பது மட்டும் நமக்கும் பொருந்தும். எண் நன்றாக இருக்கிறதே என்று விலா உள்வாங்குவதைப் பாராமல் விடுவது ஆபத்து. நீலம் பாய்ந்திருக்கிறதா என்று நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் பார்க்க வேண்டும். சிசுவின் மஞ்சள் காமாலை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தெரிந்தால் அது கடுமையானது. இவற்றுக்கெல்லாம் மறுபடி கையைத்தான் நீட்ட வேண்டும்.

செவிலியரின் பக்கம்

இங்கே ஒன்றைச் சொல்லாமற்போனால் அது நேர்மையாகாது. கிராம சுகாதார செவிலியரே தலித் பெண்ணாக இருக்கும் இடங்கள் உண்டு. ஊர்த்தெருவில் அவரைத் திண்ணையோடு நிறுத்துவதும், அவர் தொட்ட குழந்தையைக் குளிப்பாட்டுவதும் நாம் கேள்விப்படாதவை அல்ல. எந்தச் சாதியினராயினும் அவர்களுடைய பணிச்சுமை கடுமையானது. பேறுகாலப் பதிவு, தடுப்பூசி, குடும்பநலம், கணினிப் பதிவேற்றம், முகாம், கூட்டம் என்று நாள் கழிகிறது. ஒரு குழந்தையை நெறிமுறைப்படி முழுமையாகப் பார்க்க வேண்டிய நேரத்தைக் கணக்கிட்டு எந்த அதிகாரியும் அவருக்கு வேலை பகிர்வதில்லை. பதிவேற்றம் தாமதமானால் விளக்கம் கேட்பார்கள். மூச்சை எண்ணாவிட்டால் கேட்பார் இல்லை. ஆகவே ஒரு நிமிடம் காணாமற்போவதற்குச் சாதி ஒன்றே காரணம் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

சட்டமும் இந்த இடத்தில் அதிகம் உதவுவதில்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதைக் குற்றமாக்குகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், மருத்துவமனை, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றுள் நுழைவதைத் தடுப்பதைப் பெயர் சொல்லியே குற்றப்பட்டியலில் சேர்த்திருக்கிறது. இரண்டும் வாசலைக் காக்கின்றன. வாசலைத் தாண்டிய குழந்தையின் மூச்சு 60 நொடிக்குப் பதிலாக 10 நொடி மட்டும் எண்ணப்பட்டால், எந்தப் பிரிவின்கீழ் யார் புகார் கொடுப்பது?

அதனால்தான் களத்தில் நாம் கேட்கும் வினா மாற வேண்டும் என்று கருதுகிறேன். 'உங்களைச் சாதி பார்த்து நடத்தினார்களா?' என்று தாயிடம் கேட்டால், அடுத்த வாரமும் அதே நர்சம்மாவிடம் போக வேண்டிய அவர் 'இல்லை' என்பார். நடந்ததை மட்டும் படிப்படியாகக் கேட்க வேண்டும். குழந்தையின் சட்டையைத் தூக்கினார்களா? கடிகாரத்தைப் பார்த்தார்களா? எவ்வளவு நேரம்? கையை விரித்துப் பார்த்தார்களா? வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார்களா? நாடா சுற்றினார்களா? மருந்தைக் கையில் கொடுத்தார்களா, கீழே வைத்தார்களா? முதல் வேளை மருந்தை அங்கேயே கொடுக்கச் செய்தார்களா? எங்கே உட்கார்ந்தீர்கள்? எப்போது திரும்பி வரச் சொன்னார்கள்? இவற்றுக்கு ஆம், இல்லை என்று விடை சொல்வதில் தாய்க்கு அச்சம் குறைவு.

இதே வினாக்களை அதே வாரத்தில், அதே நிலையத்துக்கு வந்த ஊர்த்தெருத் தாய்மார்களிடமும் கேட்க வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதுதான் நம் கள அறிக்கைகளின் பெரிய குறை. இரு தெருக்களிலும் மூச்சு எண்ணப்படவில்லை என்றால் அது பயிற்சியின் குறை, ஆள்பற்றாக்குறை; செவிலியரோடு சேர்ந்து நின்று அரசிடம் கேட்க வேண்டிய கோரிக்கை. ஊர்த்தெருவில் எண்ணப்பட்டு, சேரியில் எண்ணப்படவில்லை என்றால் அது தீண்டாமை; அதற்கான சான்று அந்த இரண்டு பட்டியல்களே. நிமோனியாக் குழந்தையை இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதும் நெறிமுறையில் உண்டு. அந்த இரண்டாம் பார்வை எந்தத் தெருவில் நடந்தது, எந்தத் தெருவில் நடக்கவில்லை என்பதையும் ஒரு தனி வரியாக எழுதிக்கொள்ள வேண்டும். 1929இல் அந்த ஆசிரியருக்கு மறுக்கப்பட்டதும் அந்த இரண்டாம் பார்வைதான்.

ஒரு கல்லூரி மாணவர் குழு ஒரே மாதத்தில், ஒரு துணை நிலைய எல்லைக்குள், சேரிக்கு இருபது வீடு, ஊருக்கு இருபது வீடு என்று இதைச் செய்துவிட முடியும். தாயின் பெயரும் செவிலியரின் பெயரும் அந்தத் தாளில் வேண்டியதில்லை. குழந்தையின் வயது மாதக்கணக்கில் வேண்டும்.